“கடையில எரியுது, வீட்டுல எரியல”
சார்ஜ் ஏறாத இயர்பட்டும் எமது வியாபார நாணயமும்



கையடக்கத் தொலைபேசியும் அதன் உதிரிப் பொருட்களும் விற்கும் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்று அதிகத் தலைவலி தரும் பொருள் எது என்று கேட்டால், பெரும்பாலானோர் யோசிக்காமல் சொல்லும் பதில் வயர் இல்லாத இயர்பட். விற்கும்போது சந்தோஷம்தான். ஒரு வாரம் கழித்து அதே பெட்டி மேசைக்குத் திரும்பி வரும். “சார்ஜ் ஏறுதில்ல” என்ற இரண்டு வார்த்தையோடு வரும்.

கொழும்பில் கடை வைத்திருப்பவருக்கு இது பெரிய விடயமல்ல. பக்கத்துத் தெருவுக்கு ஆளனுப்பி மாற்றிக் கொள்வார். பதுளையிலிருந்து பசறை தாண்டி பிபிலைக்குப் போகும் பாதையில் இருக்கும் எமது லுணுகலை போன்ற ஊர்களில் நிலைமை வேறு. புறக்கோட்டைக்குப் பார்சல் அனுப்ப வேண்டும், மொத்த வியாபாரி அதைப் பார்க்க வேண்டும், பிறகு அவர் “பெட்டி திறந்திருக்கு, எடுக்க முடியாது” என்று சொல்லலாம். இதனால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, பொருளில் குறையில்லை என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறோம். அல்லது, வாய்ச்சண்டைக்குப் பயந்து புதியதொன்றைக் கொடுத்துவிட்டு பழையதைக் குப்பையில் போடுகிறோம். முதலாவதில் வாடிக்கையாளருக்கு நட்டம், இரண்டாவதில் நமக்கு நட்டம். இரண்டிலும் பொருளுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு தாய் என் கடைக்கு வந்து ஒரு வசனம் சொல்லும் வரை.

என் பக்கம் நடந்த தவறு

2023ஆம் ஆண்டு. உயர்தரம் படிக்கும் ஒரு தோட்டத்துப் பொடியன் என்னிடம் 3,800 ரூபாவுக்கு ஓர் இயர்பட் வாங்கினான். லயத்தில் சத்தம் அதிகம், போனில் பாடம் கேட்க வேண்டும் என்றான். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம், 2021இல் நிர்ணயித்தபடி, 1,000 ரூபா. அது 1,350 ரூபா ஆனது 2024இல்தான். ஆகவே அந்தச் சிறிய பெட்டி, அவனுடைய தாய் கிட்டத்தட்ட நான்கு நாள் கொழுந்து பறித்த காசு.

மூன்றாம் நாள் வந்தான். “மொதலாளி, சார்ஜ் ஏறல.” நான் வாங்கி, மேசையிலிருந்த என் சார்ஜரில் குத்தினேன். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. “நல்லாத்தானே இருக்கு தம்பி” என்று கொடுத்தனுப்பினேன். ஒரு கிழமையில் மீண்டும் வந்தான். மீண்டும் குத்தினேன், மீண்டும் எரிந்தது. அன்று கடையில் சனம் இருந்தது. “ஒழுங்கா வயரைக் குத்தத் தெரியாதா?” என்று அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். பொடியன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

மூன்றாம் முறை தாய் வந்தார். சத்தம் போடவில்லை. “மொதலாளி, எம் புள்ள பொய் சொல்ல மாட்டான். மூணு வாட்டி பஸ் காசு குடுத்தாச்சு. இன்னைக்கு அரநாள் பேரும் போச்சு. கடையில எரியுது, வீட்டுல எரியல. நாங்க என்னா செய்யிறது?” என்றார்.

கடையில் எரிகிறது, வீட்டில் எரியவில்லை. அந்த வசனத்திலேயே விடை இருந்தது. பொருள் ஒன்றுதான். மாறியது சார்ஜரும் வயரும். அதைக் கேட்க எனக்கு மூன்று முறை தேவைப்பட்டது. “வீட்டுச் சார்ஜரை வயரோடு கொண்டு வரச் சொல்லுங்கம்மா” என்றேன். அடுத்த நாள் பொடியன் கொண்டு வந்தான். கொழும்பில் வேலை செய்யும் மாமன் புதுப் போனோடு அனுப்பிய சார்ஜர். வயரின் இரு பக்கமும் டைப் சீ. போனுக்கு வேகமாக ஏறுகிறது. இயர்பட் பெட்டியில் குத்தினால் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. லாச்சியில் கிடந்த பழைய வயர் ஒன்றை, ஒரு பக்கம் பெரிய யூஎஸ்பி, மறுபக்கம் டைப் சீ, எடுத்துக் குத்தினேன். எரிந்தது.

பொடியன் பொய் சொல்லவில்லை. பொருளும் பழுதில்லை. கேட்க வேண்டிய கேள்வியை நான்தான் கேட்கவில்லை. அந்த வயரைக் காசில்லாமல் கொடுத்து, அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். அதன் பிறகு “சார்ஜ் ஏறுதில்ல” என்று வரும் ஒவ்வொரு பெட்டியையும் ஓர் ஒழுங்கில் பார்க்கப் பழகிக் கொண்டேன். அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது மூன்று பற்றரி

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக் கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் ஒரு பொருள் வாங்கியதாக நினைக்கிறார். உண்மையில் அது மூன்று பொருள். வலது காது, இடது காது, பெட்டி. மூன்றுக்கும் தனித்தனி லிதியம் அயன் பற்றரி. காதில் போடுவது அநேகமாக 30 முதல் 60 மில்லி அம்பியர் மணி வரை. பெட்டியினுடையது அநேகமாக 300 முதல் 500 வரை. இன்றைய போன் பற்றரி 5,000 என்று வைத்துக் கொண்டால், காதில் இருப்பது அதில் நூறில் ஒரு பங்குதான்.

மின்சாரம் வரும் வழியும் இரண்டு கட்டம். சுவரிலிருந்து சார்ஜர், வயர் ஊடாகப் பெட்டிக்கு வருவது முதற் கட்டம். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங் வைத்த குட்டி ஊசிகள் ஊடாகக் காதுத்துண்டுக்குப் போவது இரண்டாம் கட்டம். ஆகவே “சார்ஜ் ஏறுதில்ல” என்பது ஒரு நோயின் பெயரல்ல. காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. பெட்டிக்கு ஏறவில்லையா, பெட்டிக்கு ஏறி இரண்டு காதுக்கும் ஏறவில்லையா, ஒரு காதுக்கு மட்டும் ஏறவில்லையா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. சிலர் ஒரு பக்கம் பாடவில்லை என்பதையே சார்ஜ் இல்லை என்று சொல்வார்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் அந்தக் காதுத்துண்டில் வெளிச்சமோ சத்தமோ வந்தால் சார்ஜ் இருக்கிறது, இணைப்பில்தான் கோளாறு. போனிலுள்ள புளூடூத் பட்டியலில் அதன் பெயரை நீக்கி, மீண்டும் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

முதலாவது: சார்ஜரும் வயரும்

பெட்டிக்கே ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் வயர் மீது. “எதில் சார்ஜ் போடுறீங்க?” என்று கேளுங்கள். முடிந்தால் அதையே கொண்டு வரச் சொல்லுங்கள்.

இருபக்கமும் சீ உள்ள வயரில் ஏன் ஏறவில்லை என்பதை விளங்கிக் கொண்டால் வாடிக்கையாளருக்கும் விளக்கலாம். பழைய பெரிய யூஎஸ்பி துளையில் எப்போதும் 5 வோல்ட் வந்து கொண்டே இருக்கும். எதைக் குத்தினாலும் கொடுக்கும். 2014இல் வந்த டைப் சீ முறை அப்படியல்ல. மறுமுனையில் மின்சாரம் எடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது என்று அடையாளம் கண்ட பிறகே சார்ஜர் மின்சாரத்தைத் திறந்து விடும். அந்த அடையாளம், பொருளின் சீ துளைக்குப் பின்னால் வைக்கப்பட வேண்டிய 5,100 ஓம் தடைகள் இரண்டு. சில சதத்துப் பொருள். மலிவான இயர்பட், டோர்ச், விசிறி செய்பவர்கள் பலர் அந்தச் சில சதத்தையும் மிச்சம் பிடிக்கிறார்கள். அப்போது சீ சார்ஜருக்கு மறுபக்கம் யாரும் இருப்பதாகத் தெரியாது. மின்சாரமும் வராது.

இது மலிவுப் பொருளில் மட்டும் நடப்பதுமல்ல. 2019இல் வெளியான ராஸ்பெரி பை 4 என்ற பிரித்தானியச் சிறு கணினியிலும் இதே தடைகளைப் பொருத்திய விதத்தில் தவறு நேர்ந்து, சில வகை சீ வயர்களில் அது இயங்கவில்லை. பின்னர் வந்த பதிப்பில் திருத்தினார்கள்.

தீர்வு எளிது. ஒரு பக்கம் பெரிய யூஎஸ்பி உள்ள வயரையும், சாதாரண 5 வோல்ட், 1 அம்பியர் சார்ஜரையும் பாவிக்கச் சொல்லுங்கள். இவ்வளவு சிறிய பற்றரிக்கு வேகச் சார்ஜரால் இலாபம் ஒன்றுமில்லை. பெட்டியின் துளைக்குள்ளும் பாருங்கள். சட்டைப் பையில் கிடந்து பஞ்சு அடைத்திருந்தால் வயர் முழுதாக உள்ளே போகாது. மரப் பற்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசியால் அல்ல.

பவர் பேங்க் பாவிப்பவர்களுக்கு வேறொரு பிரச்சினை. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது எமது பகுதியில் பவர் பேங்க் இல்லாத வீடு குறைவு. பல பவர் பேங்குகள், வெளியே போகும் மின்சாரம் மிகக் குறைந்தால், ஒன்றும் குத்தியில்லை என்று எண்ணித் தானாக நின்றுவிடும். இயர்பட் பெட்டி இழுப்பதோ கொஞ்சம். ஆகவே சிறிது நேரம் எரிந்து அணைந்துவிடும். “பாதியில நிக்குது” என்று வந்தால் பவர் பேங்கா என்று கேளுங்கள்.

இரண்டாவது: புதுப் பொருளில் ஸ்டிக்கர்

புதுப் பெட்டி, முதல் நாளே காதுக்கு ஏறவில்லை என்றால், காதுத்துண்டின் அடியைப் பாருங்கள். கப்பலில் வரும் வழியில் பற்றரி தீர்ந்து போகாமல் இருக்க, ஊசி தொடும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள். நிறமில்லாதது என்றால் கண்ணுக்கே தெரியாது. அதை உரிக்காமல் பெட்டிக்குள் வைத்தால் எத்தனை மணித்தியாலம் வைத்தாலும் ஏறாது. விற்கும்போதே வாடிக்கையாளர் முன்னால் நீங்களே உரித்துக் கொடுத்துவிடுங்கள். அரை நிமிட வேலை, ஒரு சண்டை மிச்சம்.

மூன்றாவது: அழுக்கும் பச்சையும்

பெட்டிக்கு ஏறுகிறது, ஒரு காதுக்கு மட்டும் ஏறவில்லை என்று வந்தால், பற்றரியைக் குறை சொல்வதற்கு முன் அழுக்கைப் பாருங்கள். என் கடைக்குத் திரும்பி வருபவற்றில் வயருக்கு அடுத்ததாக நான் அடிக்கடி காண்பது இதைத்தான். காதுக் குறும்பி, வியர்வை, எண்ணெய், மழை நீர் எல்லாம் அந்த இரண்டு பொட்டு உலோகத்தில் படியும். வியர்வையில் உப்பு இருக்கிறது. ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால், ஊசியில் மின்சாரமும் இருப்பதால் உலோகம் வேகமாக அரிக்கப்பட்டுப் பச்சை பிடிக்கும். மாரி மழைக் காலத்தில் எமது பக்கம் துணியே காய்வதில்லை. காதுத்துண்டு மட்டும் எப்படிக் காயும்?

சுத்தம் செய்யும் முறை: முதலில் காய்ந்த பஞ்சுக்குச்சி. போகாவிட்டால் ஐசோபுரோபைல் அல்ககோல் ஒரு துளி தொட்டு, பிழிந்து, துடைக்க வேண்டும். காதுத்துண்டின் உலோகப் பொட்டையும் துடைக்க வேண்டும், பெட்டிக் குழிக்குள் இருக்கும் ஊசியையும் துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். தண்ணீர் வேண்டாம், அத்தர் வேண்டாம். சிலர் உப்புத்தாளால் தேய்க்கிறார்கள், பிளேட்டால் சுரண்டுகிறார்கள். அன்றைக்கு ஏறும். ஆனால் மேலுள்ள மெல்லிய தங்கப் பூச்சு போய்விடுவதால் அடுத்த மாதம் இரண்டு மடங்கு வேகத்தில் பச்சை பிடிக்கும்.

ஊசியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் இறங்கி, விட்டால் மேலே வர வேண்டும். இறங்கியே நிற்பது என்றால் அழுக்கில் சிக்கியிருக்கிறது. துளி அல்ககோலுடன் சில முறை மெதுவாக அழுத்திவிட்டால் பல நேரம் விடுபடும்.

நான்காவது: சரியாக உட்காருகிறதா?

பெட்டியோடு மூன்று அளவில் ரப்பர் மூடி வரும். பெரிய அளவை மாட்டியிருந்தால் சில மாதிரிகளில் காதுத்துண்டு குழிக்குள் முழுதாக இறங்காது. ஊசிக்கும் உலோகத்துக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளி போதும், ஏறாமல் போவதற்கு. ரப்பரைக் கழற்றிவிட்டு வைத்துப் பாருங்கள். அதேபோல், மூடியில் உள்ள காந்தத்தை வைத்தே மூடியாயிற்றா இல்லையா என்று சில பெட்டிகள் அறிகின்றன. அலங்காரத்துக்குப் போட்ட சிலிக்கன் உறை மூடியை முழுதாக மூட விடாவிட்டால் காதுத்துண்டு நிற்காமல் ஓடிக் கொண்டேயிருந்து, காலையில் சார்ஜ் இல்லாமல் கிடக்கும்.

ஐந்தாவது: பட்டினி கிடந்த பற்றரி

நமது இராக்கையில் ஆறு மாதம், ஒரு வருடம் கிடந்த சரக்கில் இது வரும். லிதியம் பற்றரி சும்மா இருந்தாலும் மெதுவாக இறங்கும். ஏறக்குறைய 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று அதைத் துண்டித்துவிடும். சார்ஜரில் குத்தினால் ஆரம்பத்தில் வெளிச்சமே வராது. இதைப் பார்த்து “செத்துப் போச்சு” என்று முடிவு கட்ட வேண்டாம். நல்ல சுற்று என்றால் முதலில் மிகச் சிறிய மின்சாரத்தை மெதுவாகக் கொடுத்து, பற்றரி 3 வோல்ட் அளவுக்கு வந்த பிறகே வழமையான வேகத்துக்கு மாறும். சாதாரண சார்ஜரில் ஒரு மணித்தியாலமாவது விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே வைத்துக் கொண்டு. எழுந்து வந்தால் நல்லது. ஆனால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்த பற்றரி பழைய அளவைப் பிடிக்காது. அதை முழு விலைக்கு, சொல்லாமல் விற்பது சரியல்ல.

சரக்கு வைத்திருப்பவர்களுக்கு: பழையதை முன்னால் வையுங்கள், புதியதைப் பின்னால் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாதியளவு சார்ஜ் ஏற்றி வையுங்கள். வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் அடுக்க வேண்டாம். சூடு லிதியம் பற்றரியின் எதிரி.

ஆறாவது: மாற்றி வைத்துப் பார்த்தல்

இது கடைக்காரருக்கு மட்டும் உள்ள வசதி. அதே மாதிரி வேறொரு பெட்டி நம்மிடம் இருக்கும். வாடிக்கையாளரின் காதுத்துண்டை நமது பெட்டியில் வையுங்கள். நமது காதுத்துண்டை அவருடைய பெட்டியில் வையுங்கள். அவருடையது நமது பெட்டியில் ஏறினால் குறை அவருடைய பெட்டியில். ஏறாவிட்டால் குறை காதுத்துண்டில். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மொத்த வியாபாரியிடம் பேசும்போதும் “ஏறுதில்ல” என்பதை விட “இடது காதுத்துண்டு, வேறு பெட்டியிலும் ஏறவில்லை” என்று சொன்னால் அவர் எடுக்கும் விதமே வேறு.

இதோடு யூஎஸ்பி மீற்றர் ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள். சார்ஜருக்கும் வயருக்கும் இடையில் குத்துவது. எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் போகிறது என்று காட்டும். பூச்சியம் காட்டினால் பெட்டி ஒன்றும் இழுக்கவில்லை. ஏதாவது இலக்கம் காட்டினால் இழுக்கிறது. வெளிச்சம் எரிகிறதா இல்லையா என்று வாதிடுவதற்கு முடிவு கட்டும் சாட்சி இது. மல்டிமீற்றரால் பெட்டிக்குள் ஊசியை அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காதுத்துண்டு வைக்கப்பட்டது தெரிந்த பிறகே பல பெட்டிகள் முழு வோல்ட்டைத் திறக்கும். வெறும் குழியில் அளந்து குறைவாகக் காட்டினால் அது பழுதென்று ஆகாது.

கடைசியாக ரீசெட். பல மாதிரிகளில் இரண்டு காதுத்துண்டையும் உள்ளே வைத்து, பெட்டிப் பொத்தானை 10 முதல் 15 செக்கன் அழுத்திப் பிடித்தால் உள்ளே குழம்பியிருக்கும் சுற்று மீண்டும் ஆரம்பிக்கும். மாதிரிக்கு மாதிரி முறை மாறும் என்பதால் பெட்டியோடு வரும் தாளைப் பார்த்துச் செய்யுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

இவ்வளவும் பார்த்து ஏறாவிட்டால் பற்றரி அல்லது உட்சுற்று பழுது. இவ்வகைப் பற்றரிகள் பொதுவாக 300 முதல் 500 முறை ஏற்றி இறக்கும் வரை நல்ல நிலையில் இருக்கும். தினமும் ஒரு தடவை முழுதாகப் பாவிப்பவருக்கு ஒன்றரை வருடத்தில் தேய்வு தெரிவது இயல்பு. அது குறைபாடு அல்ல, ஆயுள். இதையும் வாங்கும் போதே சொல்லிவிடுவது நல்லது.

பெட்டிப் பற்றரியை மாற்றத் தெரிந்தவர்கள் அதன் மேலுள்ள இலக்கத்தைப் பாருங்கள். 501230 என்று இருந்தால் 5 மில்லிமீற்றர் தடிப்பு, 12 அகலம், 30 நீளம். நாணய வடிவில் 1254 என்று இருந்தால் 12 விட்டம், 5.4 தடிப்பு. அளவும் வோல்ட்டும் ஒத்தால் மட்டும் மாற்றுங்கள். காதுத்துண்டைப் பிரிப்பது பெரும்பாலும் வீண் முயற்சி, ஒட்டுப் பசையோடு சேர்ந்து உடைந்துவிடும்.

பெட்டி ஊதியிருந்தால், மூடி தானாக மேலெழுந்து நின்றால், அளவுக்கு மீறிச் சூடானால், இனிப்பான இரசாயன வாசம் வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். குத்தவோ அழுத்தவோ கூடாது. மணல் போட்ட தகர டின் ஒன்றில் வைத்து, துணிமணி, மட்டை பெட்டிகளிலிருந்து தூரமாக வையுங்கள். குப்பையோடு எரிக்க வேண்டாம். மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போட்டுத் தூங்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பலகை லயத்தில் ஒரு அறையில் பிடிக்கும் தீ பக்கத்து அறையோடு நிற்காது.

வாங்கும் இடத்திலேயே கவனம்

2016 டிசம்பரில் அப்பிள் நிறுவனத்தின் எயார்பொட் சந்தைக்கு வந்த பிறகு அதன் நகல்கள் எத்தனையோ வந்துவிட்டன. நகல் என்பது வேறு, நகலை அசல் என்று சொல்லி விற்பது வேறு. முதலாவது தரத்தில் குறை என்றால் இரண்டாவது நாவில் குறை.

புறக்கோட்டையில் கொள்வனவு செய்யும் போது ஒரு மாதிரியில் ஒன்றைத் திறந்து, இருபக்கமும் சீ உள்ள வயரில் குத்திப் பாருங்கள். ஏறினால் அந்தத் தடைகள் உள்ளே இருக்கின்றன என்று அர்த்தம். இந்த ஒரு சோதனை மட்டுமே நல்ல சரக்கு, மோசமான சரக்கு என்று ஓரளவு பிரித்துக் காட்டும். பழைய மைக்ரோ யூஎஸ்பி துளை உள்ளவற்றை மலிவு என்று அள்ள வேண்டாம். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் போன், இயர்பட் உட்படப் பல பொருட்களுக்கும் டைப் சீ கட்டாயம் ஆகிவிட்டது. உலகச் சந்தை அந்தப் பக்கம் போகிறது. கழிக்கப்படும் சரக்கு கடைசியில் எம் போன்ற மலைநாட்டுக் கடைகளின் இராக்கையில் வந்து தேங்கும்.

குறையைச் சொல்லி விற்பது

மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காக அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை ஜும்ஆ பிரசங்கங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தானிய வியாபாரிக்கு மட்டும் சொன்னது என்று கேட்டுவிட்டு வருகிறோம். இருபக்கமும் சீ உள்ள வயரில் இந்தப் பெட்டி ஏறாது என்று தெரிந்தும் சொல்லாமல் விற்றால், அதுவும் அடியிலுள்ள ஈரம்தான். பொருளில் முன்பே இருந்த குறை தெரிய வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை மார்க்கச் சட்டம் ‘கியாருல் ஐப்’ என்று தனியாகவே பேசுகிறது. நாட்டுச் சட்டத்தை எடுத்தாலும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டிய கடமையும் வியாபாரிக்கு உண்டு.

ஆகவே நான் இப்போது செய்வது இவ்வளவுதான். விற்கும்போது ஸ்டிக்கரை உரித்து, வாங்குபவர் முன்னால் மூன்றையும் சார்ஜில் போட்டுக் காட்டுகிறேன். பில்லில் மாதிரி, திகதி, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதுகிறேன். பில்லின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிக் கொடுக்கிறேன்: இந்த வயரில் போடுங்கள், துடைத்துக் காய வைத்து உள்ளே வையுங்கள், ஏறாவிட்டால் வீட்டுச் சார்ஜரையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். திரும்பி வரும் ஒவ்வொன்றுக்கும் என்ன குறை என்று ஒரு கொப்பியில் குறிக்கிறேன். ஒரே மாதிரியில் ஒரே குறை மூன்று முறை வந்தால் அந்த மாதிரியை எடுப்பதை நிறுத்துகிறேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பத்து நிமிடம். நமக்கு அது இரண்டு தேநீர் குடிக்கும் நேரம். மலையிலிருந்து இறங்கி வருபவருக்கு நாம் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காவிட்டால், அவர் இழப்பது பஸ் காசும் அரைநாள் பேரும்.

அந்தப் பொடியன் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். அவனுடைய தாய் இன்றும் சம்பள நாளில் லயத்தார் இருவர் மூவரைக் கூட்டிக் கொண்டு என் கடைக்கே வருகிறார். வாசலில் நின்று அவர்களிடம் சொல்வார்: “இந்த மொதலாளிகிட்ட வாங்குனா, சார்ஜரையும் கொண்டு வந்து காட்டணும்.” பகிடியாகத்தான் சொல்கிறார். எனக்கு ஒவ்வொரு முறையும் அன்றைக்கு நான் சனத்துக்கு முன்னால் பேசிய பேச்சுத்தான் ஞாபகம் வரும்.

அல்லாஹ் நமது அளவையிலும் நாவிலும் நேர்மையைத் தந்து, நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.